சப்ராஸ் கையெழுத்திடாத அறிக்கை

புதன்கிழமை லுஹர்த் தொழுகைக்குச் சற்று முன்னர் புத்தளம் தில்லையடிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு மரணத்தின் ஜனாஸா அறிவித்தலைச் சொன்னது. நான் வீதியோரக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றேன். “கட்டாரில் தொழில் புரிந்துவந்த சப்ராஸ் அவர்கள் வபாத்தானார்கள்” என்று கேட்டபோது வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் வீதிக்கொரு சப்ராஸ் உண்டு. இரண்டாம் முறை அறிவித்தபோது அவருடைய வாப்பாவின் பெயரையும் சொன்னார்கள். கடைக்காரர் என் கையிலிருந்த கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, “உங்கட கூட்டாளிதானே?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

வேலைத்தளத்தில் பகல் வெயிலில் மயங்கி விழுந்தாராம். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில் மூச்சு நின்றுவிட்டதாம். ஜனாஸாவை அங்கேயே அடக்கிவிட வீட்டார் சம்மதித்தார்கள். முப்பது வயதைத் தாண்டிச் சில மாதங்களே ஆகியிருந்தன.

அன்று பின்னேரமே எங்கள் சுற்றாடல் சங்கத்தின் தலைவர் என்னை அழைத்தார். “நீர்தான் அவரோட கூடப் படிச்சவர், கூட வேலை செஞ்சவர். நினைவுக் கூட்டத்தில வாசிக்க ரெண்டு பக்கம் எழுதித் தாரும். நல்லதா எழுதும்” என்றார். எழுதியிருக்கிறேன். சப்ராஸை அறியாதவர்கள் அறிவதற்காகவும், அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்வதற்காகவும் எழுதியிருக்கிறேன். அவருடைய பெயரில் ஒரு பொய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஒட்டியவர் யார் என்று எனக்குத் தெரியும்.

சப்ராஸ் கரைத்தீவுப் பக்கத்து அகதி முகாமில் ஓலைக் கொட்டிலொன்றில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில், மற்ற முஸ்லிம்களோடு சேர்த்து மன்னாரிலிருந்து ஆளுக்கொரு உடுப்புப் பையோடு வெளியேற்றப்பட்ட குடும்பம் அது. நான் புத்தளத்தின் பழைய குடி. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு அவர்கள் ‘அகதி’. கிணற்றடியிலும் வகுப்பறையிலும் அந்தச் சொல் தாராளமாகப் புழங்கியது. நானும் ஒருமுறை சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “நான் எங்கயிருந்தும் ஓடி வரல்லடா. இங்கதான் பொறந்தன். உங்கட ஊர்த் தண்ணியில உப்புக் கூட, அதுக்கு நான் என்ன செய்ய” என்றார். அன்றிலிருந்து வகுப்பில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம்.

உயர்தரத்தில் இருவரும் உயிரியல் படித்தோம். ஒரு வருடம் முழுக்க இரசாயனவியலுக்கு ஆசிரியரே இருக்கவில்லை. சப்ராஸ் சிலாபத்துக்கு பஸ் ஏறிப்போய், ஒரு சிங்களப் பையனின் குறிப்புக் கொப்பியை இரவல் வாங்கி வந்து எனக்கும் சேர்த்துத் தமிழில் எழுதினார். பெறுபேறு வந்தபோது பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்கு மயிரிழையில் கீழே நின்றார். நான் மயிரிழையில் அல்ல, கயிற்றிழையில் கீழே நின்றேன். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. மன்னாரில் பதிவு இருந்திருந்தால் அவருக்கு ஏதாவதொரு பாடநெறி கிடைத்திருக்கும் என்று சிலர் கணக்குச் சொன்னார்கள். யுத்தம் முடிந்து மன்னாருக்குப் போய்ப் பார்த்த அவருடைய வாப்பாவோ, காணியில் காடு ஏறி எல்லைக்கல்லையும் காணவில்லை என்று திரும்பி வந்திருந்தார். “புத்தளத்தில நான் மன்னாரான், மன்னாரில புத்தளத்தான். முகாமுக்கெண்டு ஒரு வெட்டுப்புள்ளி போட்டா நான்தான் முதலாவதா வருவன்” என்று சப்ராஸ் சிரித்தார். வீட்டில் மூன்று நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அவருடைய உம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

பிறகு பிழைப்புப் பார்த்தோம். அவர் உப்பளத்தில் உப்பு வாரினார். வெங்காயக் காலத்தில் கற்பிட்டிக்குப் போனார். நான் மாமாவின் போட்டோக்கொப்பிக் கடையில் இருந்தேன். ஊரில் பாதிப்பேரின் படிவங்களை நிரப்பியவன் நான். வர முடியாத ராத்தாமாருக்கும் மாமிமாருக்கும், அவர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அவர்களின் கையெழுத்தையும் நானே போட்டுக் கொடுப்பேன். எங்கள் ஊரில் அதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. “மகன், என்ட சைனையும் நீயே வெச்சிருங்க” என்பார்கள். அப்படித்தான் என் கை பழகியது.

சுற்றாடல் சங்கத்தில் நாங்கள் சேர்ந்தது ஊரை ஒட்டிய கடலேரி மீதிருந்த காதலால் மட்டும் அல்ல. பல்கலைக்கழகம் போகாதவனுக்கு நேர்முகத் தேர்வில் எடுத்து நீட்ட ஒரு காகிதம் வேண்டும். மூன்று வருடம் தொண்டு செய்தால் சங்கம் சான்றிதழ் தரும். அதுதான் எங்கள் பட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் பொலித்தீன் பொறுக்கினோம், அறுந்த வலைகளை இழுத்தெடுத்தோம். காகிதத்துக்காக வந்த எங்களில் சப்ராஸ் மட்டும் மெல்ல மெல்ல வேலைக்காகவே வருபவராக மாறினார். உப்பு வெடிக்க வைத்த குதிகாலோடு சேற்றில் இறங்குவார். எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். சங்கம் அவரைக் கள இணைப்பாளராக்கியது. நான் செயலாளரானேன். கடைக்காரனுக்குத்தானே கடதாசி வேலை தெரியும்.

கொழும்பிலிருந்து ஒரு திட்டத்தின் உதவி வந்தபோது, உப்புநீர்ச் சேற்றில் வளரும் கண்டல் மரம் நடுவதென்று முடிவாயிற்று. தலைவர் தெரிவு செய்த இடம் கடலேரியோரம் வெட்டவெளியாகக் கிடந்த ஒரு சேற்றுத்தரை. பாதை பக்கத்தில், வாகனம் வரும், பதாகை கட்டலாம், படம் நன்றாக விழும். சப்ராஸ் அந்தத் தரையை இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கூட்டத்தில் சொன்னதை நான் மறக்கவில்லை. “தலைவர், இது கண்டல் நிக்கிற இடமெண்டா அல்லாஹ் எப்பவோ நட்டிருப்பான். மழைக்குத் தண்ணியில தாழும், கோடைக்கு உப்புப் பூக்கும். கைவிட்ட இறால் பண்ணைப் பக்கம் போவம். வரம்பை ரெண்டு இடத்தில வெட்டிவிட்டாப் போதும், தண்ணி ஏறி இறங்கும், விதை தன்பாட்டில வந்து பிடிக்கும்.” தலைவர் கேட்டார்: “வரம்பு வெட்டுறதை எப்பிடி மகன் படம் எடுக்கிற?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நட்டோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொப்பி போட்டு வந்து, கண்டல் காய்களை வரிசை வரிசையாகச் சேற்றில் குத்தினார்கள். படம் அழகாகத்தான் வந்தது. அதன் பிறகு மாதம் ஒருமுறை தவறாமல் அங்கே போனவர் சப்ராஸ் ஒருவர்தான். ஒவ்வொரு வரிசையிலும் எது நிற்கிறது, எது செத்தது என்று ஒரு கொப்பியில் குறித்து வந்தார். கோடை முடிந்தபோது கொப்பியை என் மேசையில் வைத்தார். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எதிரே ‘செத்தது’ என்ற ஒரே சொல்தான் எழுதியிருந்தது. “இதை அப்பிடியே அனுப்பு மச்சான். பிழை விட்ட இடத்தைச் சொன்னாத்தான் அடுத்த இடம் சரியா வரும்” என்றார்.

தலைவர் வேறு விதமாகச் சொன்னார். “பத்தில எட்டு உயிரோட இரிக்கெண்டு போடும். இல்லாட்டி திட்டம் கைவிட்டுப் போகும். அடுத்த மாசம் அவங்க கள உதவியாளர் பதவிக்கு ஆள் எடுக்கிறாங்க, எங்கட சங்கத்தில ஒருத்தருக்கு இடம் இரிக்கி. அதும் போகும்.” அந்தப் பதவிக்குச் சப்ராஸும் விண்ணப்பித்திருந்தார், நானும் விண்ணப்பித்திருந்தேன். அறிக்கையில் கள இணைப்பாளரின் கையெழுத்து வேண்டும். படிவத்தை நீட்டியபோது சப்ராஸ் வாசித்துப் பார்த்துவிட்டுப் பேனையை மூடினார். “செத்ததை உயிரோட இரிக்கெண்டு நான் சொல்ல மாட்டன். எனக்கு அந்த வேலை வேணும்தான். இப்பிடி வேணாம்” என்றார்.

அவர் போன பிறகு, கடையில் வைத்து, அவருடைய கையெழுத்தை நான் போட்டேன். ஒரே வாங்கில் இருந்தவனின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாமிமாருக்குப் போடுவதைப் போலத்தான் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். அது மாமிமார் கேட்டு நான் போட்டது, இது அவர் மறுத்த பிறகும் நான் போட்டது என்ற வித்தியாசம் அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? சில வாரங்களில் கொழும்பிலிருந்து இருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேற்றுத்தரையைப் பார்த்தார்கள். காய்ந்த குச்சிகள் நின்றன. நேரே சங்கத்துக்கு வந்து அறிக்கையை மேசையில் விரித்து, களத்தில் எண்ணிக் கையெழுத்திட்டவர் யார் என்று கேட்டார்கள். சப்ராஸ் குனிந்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வெளியே வந்ததும் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். “அது என்ட கையெழுத்து இல்லையெண்டு நான் சொன்னா, தப்பிக்கப் பாக்கிறான் எண்டுவாங்க. அகதிப் புத்தி எண்டும் ஒருத்தன் சொல்லுவான். நீ சொல்லு மச்சான். நீ சொன்னா நம்புவாங்க.” அடுத்த சங்கக் கூட்டத்தில் சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். “எனக்கு வேலை வேணாம்டா. பேர் மட்டும் வேணும். வாப்பா இந்த ஊரில தலை நிமிர்ந்து நடக்க இருவது வருசம் எடுத்திச்சு” என்றார். அவர் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

கூட்டம் நடந்தது. சப்ராஸ் கடைசிக் கதிரையில் இருந்தார். நான் சென்ற கூட்ட அறிக்கையை வாசித்தேன், வருகை தந்தோருக்கு நன்றி சொன்னேன், என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். தலைவர் எழுந்து, பொய் அறிக்கை கொடுத்ததற்காகக் கள இணைப்பாளரை நீக்குவதாகவும், அவருக்குச் சான்றிதழ் வழங்கப்படாது என்றும் அறிவித்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தப் பாவத்தின் இடத்தில் நான் இருந்தேன். சப்ராஸ் கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்து போனார். பதவி எனக்குக் கிடைத்தது. இன்றுவரை என் வீட்டில் உலை கொதிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

அவர் கட்டாருக்குப் போனார். வழியனுப்ப நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? போன சில மாதங்களில் ஒரேயொரு குரல்செய்தி அனுப்பினார். பாதையோரங்களில் மரம் நடும் வேலையாம். “இங்க பாலைவனத்தில நட்டதெல்லாம் பிழைக்குது மச்சான். ஒவ்வொரு மரத்துக்கும் குழாய் போட்டிரிக்காங்க. மனுசருக்குத்தான் தண்ணி தூரம்” என்று சொல்லிச் சிரித்தார். கடைசியில், “சொல்லிட்டியா?” என்று கேட்டிருந்தார். நான் பதில் அனுப்பவில்லை. அவரும் அதன் பிறகு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காயிப் ஜனாஸாத் தொழுகை நடந்தது. இறந்தவரின் மையித்து இல்லாத ஊரில், தூரத்தில் அடங்கியவருக்காகத் தொழும் தொழுகை. மையித்தைச் சுமந்து வரும் சந்தூக்கை வைக்கும் இடத்தில் வெறும் கம்பளம் கிடந்தது. தொழுகைக்கு முன் வழமைப்படி அவருடைய வாப்பா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“ஜமாஅத்தாரே, என்ட மகன் ஆருக்காச்சும் மனம் நோகப் பேசியிருந்தா, ஒரு அநியாயம் செஞ்சிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க” என்றார். “அந்தச் சங்கத்தில பொய்க் கையெழுத்து வெச்சதா ஒரு கதை வந்திச்சு. அவன் இல்லையெண்டுதான் என்னட்டச் சொன்னான். ஆனா மனுசன் பிழை செய்யக்கூடியவன். அப்பிடிச் செஞ்சிருந்தா, அதுக்கும் என்ட புள்ளய மன்னிச்சிருங்க.”

பள்ளி முழுவதும் “மன்னிச்சிட்டம்” என்றது. என் வாயும் சொன்னது. ஸஃப் வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நின்றவர்களின் குரலோடு என் குரலும் சேர்ந்து போனது. நான் செய்த அநியாயத்துக்காக நான் சப்ராஸை மன்னித்தேன். இதைவிடக் கேவலமான ஒரு வார்த்தையை என் ஆயுளில் நான் சொன்னதில்லை.

தொழுகை முடிந்து முற்றத்தில் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீதான் மகன் அவன்ட உயிர்க் கூட்டாளி. ஒண்டு மட்டும் சொல்லு. என்ட புள்ள அப்பிடிச் செஞ்சானா?”

“இல்ல வாப்பா. அது நான்” என்றேன்.

அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. கையையும் உடனே விடவில்லை. என் முகத்தைப் பார்த்து, “அவன் உயிரோட இரிக்கக்குள்ள ஏன் மகன் சொல்லல்ல?” என்று மட்டும் கேட்டார். பிறகு கையை விட்டுவிட்டுச் செருப்பைத் தேடிப் போனார்.

தலைவர் இந்தக் கட்டுரையைக் கூட்டத்தில் வாசிக்க விடமாட்டார் என்று தெரியும். பிரதிகள் எடுத்திருக்கிறேன். பள்ளி வாசலில் நின்று நானே கொடுப்பேன். சப்ராஸ் என்ற மனிதர் செத்ததைச் செத்ததென்று எழுதியவர். பொய்யில் அவர் கை படவில்லை. இதனால் என் வேலை போன பிறகு என் பிள்ளைகள் கேட்டாலும் இதையே சொல்வேன்.

அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கி, அங்கே நிழலும் குளிர்ச்சியும் தருவானாக. அடியானுக்கு அடியான் செய்த அநியாயத்தை, அநியாயம் செய்யப்பட்டவர் மன்னித்தாலன்றி இறைவன் மன்னிப்பதில்லை என்று சிறுவயதில் எங்கள் இருவருக்கும் ஒரே நாளில்தான் ஓதித் தந்தார்கள். அதனால் எனக்காக நான் துஆக் கேட்கவில்லை.