பேட்டையில் நின்ற படகு

கடற்கரையில் விடுதி நடத்துகிற எனக்கு, விருந்தினர்களைக் கடலில் கூட்டிப்போக ஒரு மோட்டார் படகு தேவைப்பட்டது. கடனுக்காக வங்கி பறிமுதல் செய்த படகு ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, பறிமுதல் வண்டிகளை நிறுத்திவைக்கும் பேட்டைக்குப் போனேன். டிராக்டர்களுக்கு நடுவே வெயிலில் நின்றது அது. கறுத்து மெலிந்த ஒருவர், செருப்பைக் கீழே கழற்றிப் போட்டுவிட்டு, மேலே ஏறித் துடைத்துக்கொண்டிருந்தார். காவலாளி என்று நினைத்தேன்.

"என் படகுதான் அண்ணாச்சி. வாரா வாரம் வந்து துடைக்குதேன். வாங்குதவங்களுக்கு ஓட்ட ஆள் வேணும்லா? என்னையே வச்சுக்கிட மாட்டாங்களான்னுதான்."

"நான் வாங்கினா நீங்கதான் ஓட்டணும்" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. இறங்கி வந்து என் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனார். குனிந்து பார்த்தால்தான் தெரிகிற இடத்தில், அடிப்பாகத்தில் நீளமாக ஒரு விரிசல்.

"வெயில்ல நின்னு வெடிச்சிட்டு. ஒட்டினாலும் கடல்ல தாங்காது. ஆளுகளை ஏத்துத படகு. வேண்டாம் அண்ணாச்சி."

"வேற யாருகிட்டயும் இதைச் சொன்னீங்களா?"

"வந்தவங்க எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

அப்படியானால் இந்தப் படகை யார் வாங்கி அவரை வேலைக்கு வைத்துக்கொள்வார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.