கதவைப் பூட்டிய பின் ஒட்டும் ஸ்டிக்கர்

வெள்ளிக்கிழமைகளில் பொழுது சாயுமுன் அந்த மனிதர் வருவார். மெலிந்து உயர்ந்தவர், மழை இல்லாத நாளிலும் மழைக்கோட்டு. யூதர்கள் பலர் வாழும் கோல்ஃபீல்டில் நான் பராமரிக்கப் போகும் கண் தெரியாத யூத மூதாட்டிக்கு, தங்கள் ஆலயத்துச் சமையலறையில் செய்த சூப்பும் பின்னல் ரொட்டியும் கொண்டுவருவார். கதிரையைக் காட்டினால், இன்னும் பதினொரு வீடு இருக்கிறது என்பார். ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

பெட்டி மூடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அவர்களுடைய உணவு விதிப்படி சமைத்தது என்பதற்கு அதுதான் அடையாளம். இந்த வருடம் அவர் காரை விட்டு இறங்குமுன்பே அதை நகத்தால் உரிக்கத் தொடங்கினார். மூதாட்டி மூடியைத் தடவிப் பார்த்தார். ஸ்டிக்கர் இல்லை. சாப்பிட மறுத்துவிட்டார்.

அடுத்த வெள்ளி, சூப் கொண்டுவந்தவரிடம் அதைச் சொன்னேன். தெருவின் இரு பக்கமும் பார்த்தார்.

"இது ஆரின்ர வீடு எண்டு ரோட்டுக்குத் தெரிய வேண்டாம்," என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தபடி, தன் விரலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை என் விரலுக்கு மாற்றினார். "கதவைப் பூட்டிப்போட்டு ஒட்டு."

பிறகு வாராவாரம் அப்படியே செய்தேன்.

போன வெள்ளி பெட்டியைத் தந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நெற்றியில சிவப்பா ஒண்டு வைப்பாயே, எங்க?"

ஒரு மாதமாக, என் வீடிருக்கும் வெரிபீயில் ரயில் ஏறுமுன் பொட்டை உரித்துக் கைப்பைக்குள் ஒட்டிவிடுகிறேன்.

"வீட்ட போய், கதவைப் பூட்டிப்போட்டு ஒட்டுவன்," என்றேன்.

இன்னும் பதினொரு வீடு இருந்தது. அவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.