வல்லை வெளியில் ஆந்தை எழும்பிய காலை

பகலில் ஆந்தையைப் படம்பிடிக்க யாழ்ப்பாணத்தில் எங்கே போகலாம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். புல்லும் சேறுமாய்ப் பரந்து கிடக்கும் வல்லை வெளிக்குப் போங்கள். நான் போனது 1992 மார்கழியில். உண்மையைச் சொன்னால், ஆந்தைக்காகப் போகவில்லை. அன்ரன் தனியாகப் போய்விடக் கூடாது என்றுதான் போனேன்.

நல்லூரில் ஒரு ஸ்ரூடியோவில் இருவரும் வேலை செய்தோம். அன்ரன் குருநகர்க்காரன். எனக்கு இரண்டு வருடம் பிந்திச் சேர்ந்தவன். ஆனாலும் கலியாண வீட்டுக்காரர் படம் எடுக்க அவனைத்தான் கேட்டு வருவார்கள். மாரிக்கு மட்டும் வடக்கேயிருந்து வரும் குட்டைக்காது ஆந்தை வல்லையில் நிற்கிறதாம் என்று அவன் சொன்னதும், "நானும் வாறன்" என்றேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் படச்சுருளுக்குப் பெரும் தட்டுப்பாடு. கையிலிருந்த ஒரேயொரு கறுப்பு வெள்ளைச் சுருளை இருட்டறையில் வெட்டி, ஆளுக்குப் பதினெட்டுப் படமாகப் பிரித்துக்கொண்டோம்.

காலை நாலரைக்குச் சைக்கிளில் புறப்பட்டோம். பருத்தித்துறை வீதியால் ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீற்றர். எதிர்க்காற்று. வெளிக்கு வந்து சேர ஆறேகால் ஆகிவிட்டது. மாடுகளை மேய்ச்சலுக்குச் சாய்த்துக்கொண்டு வந்த ஒருவர் எங்களை மறித்தார்.

"என்ன தம்பியவை தேடுறியள்?"

"ஆந்தை, ஐயா" என்றான் அன்ரன்.

"உந்தப் புல்லுக்கைதான் கிடக்கும். கிட்டப் போகாதேங்கோ, எழும்பிடும்."

சொன்னதுபோலவே சிறிது நேரத்தில் அது தூரத்தில் தாழப் பறந்தது. நான் அவசரப்பட்டேன். பதினெட்டையும் முடித்துவிட்டேன். அன்ரன் ஒன்றுகூட எடுக்கவில்லை. அது இறங்கிய இடத்தைக் குறிவைத்து, சேற்றில் முழங்காலால் நகர்ந்தான். நானும் பின்னால் போனேன். முப்பதடி தூரத்தில், புல்லுக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்தப் படம் அவனுக்குக் கிடைக்கப் போகிறது. என்னால் தாங்க முடியவில்லை. வெயில் முதுகில் பட நான் எழுந்து நின்று, பலமாக இருமினேன்.

ஆந்தை எழும்பியது. அதே கணத்தில் அவன் கமெரா 'கிளிக்' என்றது.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு சைக்கிளை நோக்கி நடந்தான்.

அந்த வாரம் இருட்டறை என் முறை. அவனுடைய சுருளும் என் கையில்தான் இருந்தது. கழுவும்போது ஒரு கணம் விளக்கைப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். போடவில்லை. நல்ல மனதால் என்று நினைக்காதீர்கள். அந்தப் படத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஆந்தையின் சிறகு இரண்டும் முழுதாக விரிந்து, முகம் நேராக எங்களை நோக்கி வந்திருந்தது. உட்கார்ந்திருந்தால் அதில் பாதி அழகும் வந்திராது.

படத்தை அவனிடம் நீட்டி, "நான் வேணுமெண்டுதான் இருமினனான்" என்றேன்.

"தெரியும். நீ எழும்பேக்கை உன்ரை நிழல் எனக்கு முன்னாலை விழுந்தது. உடனை கமெராவை உயத்திப் பிடிச்சிட்டன்."

அதற்குப் பிறகும் பல வருடம் நண்பர்களாகவே இருந்தோம். ஆனால் அந்தப் படத்தை எங்கே கண்டாலும் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

போகிறவர்களுக்கு: மார்கழியிலும் தையிலும் விடியற்காலையே நல்லது. நிலம் ஈரமாக இருக்கும், வெறுங்காலோடு இறங்குங்கள். வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பறவை இறங்கும்வரை படத்தைச் செலவழிக்காதீர்கள். கூட ஒருவர் வருவதென்றால், அவர் உங்களைவிடக் கெட்டிக்காரரா என்று முதலே யோசித்துக்கொள்ளுங்கள்.