முதல் பிடி மஞ்சள்

1962 அக்டோபர் 8, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். தூறல். அன்று விஜயதசமி. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மசாலா மில்லில் நான் கிராணி, அதாவது கணக்கு எழுதுகிறவன். அரைக்கும் கூடத்தில் பதினொரு பெண்கள் வேலை செய்தார்கள்.

முதல் நாள் ஆயுத பூஜைக்காக நிறுத்திய இயந்திரம் சந்தனமும் குங்குமமுமாக நின்றது. விஜயதசமியன்று நல்ல நேரத்தில் ஒரு சுமங்கலி முதல் பிடி மஞ்சளைப் போட்ட பிறகுதான் அது ஓட வேண்டும். இந்த விஷயத்தில் முதலாளி துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார். எட்டு வருடமாக, பெண்களில் மூத்தவரான அக்காதான் போட்டுவந்தார். அன்று அவர் மஞ்சள் தட்டைத் தொடவில்லை. மற்றப் பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். இயந்திரத்தை ஓட்டும் பெல்ட்டுக்கு மறைப்பு எதுவும் கிடையாது. ஆறு வாரத்துக்கு முன் அவர்களில் சின்னவளான ஒருத்தியின் பின்னல் அதில் சிக்கி, முடியோடு தோலும் போயிற்று. பெல்ட்டைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு போடும்படி கேட்டார்கள். நானே இரண்டு முறை போய்ச் சொன்னேன். கொண்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள் என்றுவிட்டார் முதலாளி.

பத்தே காலோடு நல்ல நேரம் முடிகிறது, அடுத்து எமகண்டம். தீபாவளிச் சரக்கு வேறு பாக்கி. முதலாளி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என் மனைவியை அழைத்துவரச் சொன்னார். வீடு ரேஸ்கோர்ஸ் ரோட்டில்தான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் குடையைக்கூட எடுக்கவில்லை.

வாசலில் அக்கா மறித்தார். "கிராணியாரே, வீட்டுல அம்மாவுக்கு முடி நீளமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். முழங்கால்வரை இருந்தது. நான் தூறலில் இறங்கி நடந்தேன்.

யார் முகத்தையும் பார்க்காதே, போட்டுவிட்டு வந்துவிடு என்று வழியெல்லாம் மனைவியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தை நெருங்கினாள். அப்போது அந்தச் சின்னவள் தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மனைவி பார்த்தாள். பிறகு தன் பின்னலை முன்னால் எடுத்துப் பிடித்துக்கொண்டு, தட்டைக் கீழே வைத்தாள்.

"கூண்டு போடுங்க முதலாளி. அப்புறம் அக்காவே போடுவாங்க. நான் போட்டா நல்லா இருக்காது."

நல்ல நேரம் போயிற்று. மில் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை எதையும் தொடங்க மாட்டார் முதலாளி. புதன்கிழமையையும் விட்டால் சரக்கு போகாது. திங்கள் பிற்பகலே இரும்புப் பட்டறைக்கு ஆள் போயிற்று. செவ்வாய் முழுக்க வேலை நடந்தது. புதன் காலை அக்கா கூண்டை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அதன் பிறகே மஞ்சளைப் போட்டார்.

பெண்கள் யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. மாதக் கடைசியில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கூண்டு கேட்டது உங்கள் வீட்டுக்காரம்மாதானே என்றார். வலை, இரும்புச் சட்டம், பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து, மூன்று மாதச் சம்பளத்தில் என்னிடம் பிடித்தது நாற்பத்தேழு வெள்ளி அறுபது காசு.