சிறைக்குக் கட்டிய பட்டு

அத்தை பீரோவைத் திறந்து அரக்குப் பட்டை எடுத்து உதறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கும் ஆண்டாள் தேருக்கும் மட்டும் அவர் கட்டுகிற சேலை அது. அன்று நாங்கள் கிளம்பியது ஸ்ரீவில்லிபுத்தூர் சிறைக்கு, என் மாமாவைப் பார்க்க.

மாமா பட்டாளத்தில் இருந்தவர். தேவதானம் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் வண்டல் அள்ளுகிறோம் என்று வந்த லாரிகள், வண்டல் தீர்ந்த பிறகும் நிற்கவில்லை. அடிமண்ணையும் தோண்டியதில் கரையே சரியத் தொடங்கியது. ஊரில் எல்லாரும் முணுமுணுத்தோம். அவர் ஒருவர்தான் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், லாரிப் பாதையின் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலியால் டிரைவரை அடித்துக் கொல்லப் பார்த்தார் என்று லாரி முதலாளி புகார் கொடுத்துவிட்டார். எழுபதை நெருங்கியவர், முழங்கால் வலியில் கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியாதவர், கொல்லப் பார்த்தாராம்!

அத்தையின் தம்பி போலீஸில் இருக்கிறார். காலையிலேயே வந்து, ஆதார் கார்டு எடுத்துக்கொள்ள வேண்டும், சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், பட்டைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"பழைய சேலையாக் கட்டுக்கா. பாக்கிறவங்களுக்கு ஒரு இரக்கம் வரணும்ல."

"எதுக்குலே இரக்கம்? அவிய யார் வீட்டுல களவாண்டாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு வந்த விஷயத்தைச் சொன்னார். மாமா முதலாளியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் புகாரை வாபஸ் வாங்கிவிடுவார்களாம். "நீ சொன்னாத்தான் அத்தான் கேப்பாக."

அத்தை கொசுவத்தை நீவிக்கொண்டிருந்தார். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. சிறையில் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கண்மாயா, புருஷனா என்று யோசிக்கிற கொடுமையை அத்தையின் தலையில் கட்டிவிட்டு, மண்ணை விற்றவர் தன் வீட்டில் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். நினைக்க நினைக்க எனக்குக் கொதித்தது. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு மாமாவைக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்துகிற ஊர்ப் பெரியவர்களில் ஒருவர்கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் எங்களைக் கண்டவர்கள் அவசரமாகப் போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

ராஜபாளையத்தில் பஸ் மாறினோம்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாமா நின்றார், முகமெல்லாம் நரைத்த தாடியோடு. பட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "என்னட்டி, எதுவும் விசேஷமா?"

அத்தை மாத்திரையை விசாரித்தார், தூக்கத்தை விசாரித்தார். மன்னிப்பு என்ற சொல் எப்போது வருமோ என்று நான் பக்கத்தில் நின்றேன். அதற்குள் மாமா கேட்டார்: "லாரி வருதா?"

"வருது. நாளைக்கு நான் போயி உக்காரப் போறேன்."

மாமா வலையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வெயிலு அம்புட்டும் தலையில இறங்கும். குடை எடுத்துட்டுப் போ."

மறுநாள் அத்தை உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அதைப் பார்த்துத் தெருப் பெண்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். லாரிகள் நின்றன. மாமா ஜாமீனில் வந்தார், யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல். ஆனால் பாதையை மறித்ததாக அத்தையின் மீதும் ஒரு வழக்கு விழுந்தது. இப்போது வாய்தாவுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறார்கள். கண்மாயைத் தோண்டியவர் இன்றுவரை அந்தக் கோர்ட்டுப் படியை மிதித்ததில்லை.