பெயர் இருக்கும் ஒரே வரி

என் அப்பாவின் வேலையில் பாதி, பெயர் அழிப்பது.

மூடிய ஹோட்டல்களின் சமையலறைச் சாமான்களை வாங்குவார். சரிசெய்து, புதிதாக ஹோட்டல் திறக்கிறவர்களுக்கு விற்பார். இட்லி ஸ்டீமர், தோசைக்கல் அடுப்பு, ஸ்டீல் மேசை, சாம்பார் அண்டா. எல்லாவற்றிலும் பழைய முதலாளியின் பெயர் வெட்டியிருக்கும். வீட்டுக்கு ஒரு குடம் வாங்கினாலே பெயர் வெட்டித்தான் கொண்டுபோகிறோம். ஹோட்டல்காரர்களுக்குத் திருட்டுப் பயமும் உண்டு. மூடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று என்று வெட்டிவைப்பார்கள். அடுத்தவர் பெயர் உள்ள அண்டாவில் யாரும் சாம்பார் வைக்க மாட்டார்கள். நொடித்துப்போனவரின் பெயர் என்றால் தொடக்கூட மாட்டார்கள். எனவே அப்பா கையில் பிடிக்கும் கிரைண்டிங் மெஷினால் பெயரைத் தேய்த்து எடுப்பார். தேய்த்த இடம் தெரியாமல் பாலிஷ் போடுவார். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. பாதுகாப்பு அவ்வளவுதான்.

அவர் பெயர் சோ. அழகுமலை. சமயநல்லூருக்கு வெளியே, அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். அவர் பற்றவைத்த அடுப்புகள் மதுரையில் எத்தனையோ சமையலறைகளில் இன்னும் எரிகின்றன. அவற்றில் பட்டறைக்காரரின் பெயர்த்தகடு அடித்திருக்கும். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததா என்று தெரியாது. சொன்னதில்லை.

பிறகு விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டின் மேலேயே ஒரு கடையை வாடகைக்குப் பிடித்தார். முன்பு இருந்த வாடகைக்காரரின் போர்டு அங்கே தொங்கியது. அதை மாற்றவே இல்லை. போர்டு நல்லாத்தானே இருக்கு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். கடைக்கு வந்தவர்களில் பலர் அவரை அந்தப் போர்டில் இருந்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

நான் கணினி படித்தவள். வெப்சைட் செய்வது என் தொழில். கொரோனாவுக்குப் பிறகு ஹோட்டல்கள் வரிசையாக மூடின. அப்பாவின் கடைக்குள் நடக்க வழி இல்லாமல் சாமான் சேர்ந்தது. விற்கத்தான் ஆள் வரவில்லை. அப்போது அவருடைய கடைக்கு ஒரு சைட் செய்தேன். ஹோட்டல் சாமான் வாங்குகிறவர்கள் புடவை வாங்குகிறவர்களைப் போல ஆன்லைன் கூடையில் போட்டுப் பணம் கட்டுவதில்லை. எத்தனை அடி, கேஸா கரண்டா விறகா, ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி என்று பார்ப்பார்கள். பிறகு போன் செய்து பேரம் பேசுவார்கள். எனவே விலை போடவில்லை. அளவைப் பெரிதாகப் போட்டேன், போன் பொத்தானை அதைவிடப் பெரிதாக. சைட்டின் உச்சியில் ‘அழகுமலை கிச்சன் சாமான்கள், விளாங்குடி’ என்று எழுதினேன்.

“என் பேரு எதுக்கு தாயி?” என்றார்.

“வேற யாரு பேரப்பா போட?”

அன்றிலிருந்து தினமும் கடை திறக்கும் முன்னால் போனை எடுத்து சைட்டைத் திறப்பார். மேலே ஒரு பார்வை. போன் திரும்பச் சட்டைப் பைக்குள் போய்விடும். “சாமி கும்புட்டாச்சா?” என்று அம்மா கேட்பாள்.

அப்பாவின் கடைக்குப் போன் வருவதைப் பார்த்து ஞானசீலன் வந்தார். திருநகரில் புது ஹோட்டல் சாமான் விற்கிறவர். அதற்கு முன்னால் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் ஸ்டோர் பார்த்தவர். அப்பாவை அண்ணே என்பார். அதே மாதிரி தனக்கும் ஒரு சைட் வேண்டும் என்றார். அவர் சொல்லித் தேனியிலிருந்து ஒருவர் கேட்டார், பிறகு திண்டுக்கல்லிலிருந்து ஒருவர். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து எழுதுவது வீண். ஒரு டெம்ப்ளேட் செய்ய உட்கார்ந்தேன்.

அந்த வேலை இதுதான். எந்தக் கடைக்கும் மாறாதது ஒரு பக்கம், கடைக்குக் கடை மாறுவது மறுபக்கம் என்று பிரிக்க வேண்டும். மாறுவதை எல்லாம் ஒரே கோப்பில் வைக்க வேண்டும். கடைப்பெயர், ஊர், போன் நம்பர், நிறம். அப்பாவின் சைட்டில் அவர் பெயர் எங்கெங்கோ கிடந்தது. உச்சியில், அடியில், ஒவ்வொரு படத்தின் கீழும், வாட்ஸப்பில் போகும் வணக்கத்திலும். ஒவ்வொன்றாக அதை எடுத்தேன். எடுத்த இடங்கள் எல்லாம் அந்தக் கோப்பின் முதல் வரியைப் பார்த்து எழுதிக்கொள்ளும்படி செய்தேன். முதல் வரியை மாற்றினால் போதும், சைட் வேறு ஒருவருடையது ஆகிவிடும்.

கடையில் உட்கார்ந்து அதை அவரிடம் விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

“அப்ப என் பேரு எத்தனை எடத்துல இருக்கு?”

“பாக்குறதுக்கு எல்லா எடத்துலயும் இருக்கும்ப்பா. உள்ளுக்குள்ள ஒரே எடத்துலதான்.”

சிரித்தார். சிரிப்போடு இருமலும் வந்தது. அது முடிய நேரமானது.

“எங்கிட்ட வாரவுக எல்லாம் மூணு மூணு எடத்துல வெட்டிக்கிட்டு வாராக. நீ அழிக்கிறவனுக்கு வேலையே வைக்கலயே தாயி.”

படங்களை அவர்தான் எடுத்தார். அதில்தான் எங்களுக்குள் சண்டை. ஸ்டீல் மேசையைக் கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டுவிட்டு, அதற்கு நேர் எதிரே நின்று படம் எடுப்பார். மேசைக்குள் அவர் நிற்பார், கைலியும் கையில் போனுமாக. பக்கவாட்டில் நின்று எடுக்கச் சொன்னேன். மேசை கோணலாக வந்தது. ஒரு வேட்டியை மறைப்பாகப் பிடிக்கச் சொன்னேன். வேட்டியும், அதைப் பிடித்திருந்த கைகளும், அதன் கீழே அவர் கால்களும் தெரிந்தன. “அடுப்பைப் பாக்குறவன் அடுப்பைத்தான் பாப்பான்” என்று சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

இன்னொன்றில் அவர் விடவில்லை. விற்ற சாமான் சைட்டில் நிற்கக் கூடாது. இல்லாததைக் காட்டி ஆளை வரவழைப்பது ஏமாற்று என்றார். எனவே ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் அந்தச் சாமானின் பக்கம் படத்தோடு அழிந்துவிடும். ‘நீக்கவா?’ என்று கேட்கும்படி எழுதியிருந்தேன். அது என்ன மிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். ‘வித்துருச்சா?’ என்று மாற்றச் சொன்னார். மாற்றினேன். எல்லாக் கடைகளின் சைட்டிலும் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறது.

அவர் கடைசியாக வாங்கியது சமயநல்லூரில் இன்னாசியம்மாள் நடத்திய மெஸ்ஸின் சாமான். கணவர் இறந்த பிறகு அந்த அம்மா தனியாகச் சமாளித்துப் பார்த்து, முடியாமல் மூடினார். நானும் வண்டியில் கூடப் போயிருந்தேன். ஒவ்வொரு பாத்திரமாக ஏற்றும்போது அந்த அம்மா தன் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“பேரை எடுத்துருவீகளாண்ணே?”

“எடுத்துத்தான்மா விப்பேன். இங்க வச்சு இல்ல. கடையில போயி.”

சாமானைக் கொடுத்தவர் கண் முன்னால் அவர் மெஷினைப் போட மாட்டார். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு, பெயர் வெட்டிய சாம்பார்க் கரண்டி ஒன்றை எடுத்து அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். எந்த ஹோட்டலைக் காலி செய்தாலும் ஒரு சாமானைப் பெயரோடு விட்டு வருவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. இன்னாசியம்மாளும் கேட்கவில்லை. கரண்டியைச் சேலைத் தலைப்பால் துடைத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

அந்த மெஸ்ஸின் நீளமான ஸ்டீல் மேசைக்கு மட்டும் அப்பா நெடுநேரம் பாலிஷ் போட்டார். பெயரைக் கல்வெட்டு மாதிரி ஆழமாக வெட்டியிருந்தார்கள். தேய்த்து, உட்கார்ந்து, இருமி, மறுபடியும் தேய்த்தார். படம் எடுத்து எனக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் மூச்சு விட முடியவில்லை. பல வருடத் தூசி, நுரையீரல் முழுக்க என்றார் டாக்டர். எக்ஸ்ரே படத்தில் வெள்ளையாகக் காட்டினார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாமே என்றும் கேட்டார். அப்பா முன்னாலேயும் போயிருக்கிறார். தூசி வேலையை விடச் சொன்னார்கள். விட்டால் வேறு தொழில் தெரியாது.

முகமூடிக்குள் ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தபோது என்னைக் கிட்டே கூப்பிட்டார். அதை விலக்கிவிட்டுக் கேட்டார்.

“டேபிள் படத்தை ஏத்திட்டியா?”

ஏற்றிவிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் வார்த்தையாக வரவில்லை.

கருமாதி முடிந்து ஞானசீலன் வந்தார். கடை, சாமான், போன் நம்பர், சைட் எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நாங்களே விலை சொல்லியிருந்தால்கூட அவர் தருவதாகச் சொன்ன அளவுக்குக் கேட்டிருக்க மாட்டோம். எனக்குக் கடை நடத்தத் தெரியாது, அம்மாவால் முடியாது. சரி என்றோம். எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார்.

“ஒரு சாமானை எடுத்து வச்சுக்கங்க மதினி. அண்ணன் பேரு வெட்டுனது ஏதாச்சும்.”

அம்மா யோசித்தாள். அடுக்களைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் இருப்பது முருகம்மாள் என்ற அம்மாவின் பெயர். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் வெட்டிக் கொடுத்தது. நானும் ஞானசீலனும் கடைக்குப் போய்ப் பார்த்தோம். மெஷினிலும் இல்லை. தண்ணீர்ச் சொம்பிலும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னோம்.

“அவரு எங்க வெட்டுனாரு?” என்றாள் அம்மா. “ஊரு பேரைத்தான் அழிச்சாரு.”

ஞானசீலன் சைட்டைப் பற்றியும் சொன்னார். அதன் முகவரியில் ஊர்ப் பெயரும் சாமான் பெயரும்தான் இருந்தன, அது அப்படியே இருக்கட்டும். உச்சியில் உள்ள பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதும். சரி என்று சொல்லிவிட்டு நான் மாற்றவில்லை. வேறு வேலை இருக்கிறது என்றேன். அடுத்த முறையும் அதையே சொன்னேன். அவர் நெருக்கவில்லை. ஆனால் போன் செய்கிறவர்கள் அழகுமலை அண்ணன் இருக்காரா என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்றதும் வைத்துவிட்டார்கள். புது ஹோட்டல் திறக்கிறவர்கள் சகுனம் பார்ப்பார்கள். செத்தவர் பெயரில் உள்ள சாமானும் நொடித்தவர் பெயரில் உள்ள சாமானும் அவர்களுக்கு ஒன்றுதான்.

“மாத்திக் குடு தாயி” என்றாள் அம்மா. “அந்தப் பேரு நின்னா சாமான் நிக்கும். அவருக்கு அது புடிக்காது.”

கோப்பைத் திறந்தேன். முதல் வரி. பெயரை எடுத்துவிட்டு ஞானசீலனின் கடைப்பெயரை எழுதிச் சேமித்தேன். உச்சியில், அடியில், படங்களின் கீழே, வாட்ஸப் வணக்கத்தில், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மாறிவிட்டது. தேய்த்த இடம் தெரியவில்லை. நல்ல டெம்ப்ளேட் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரியாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு போனேன். சிங்க்குக்குள் அப்பா நின்றார். பிரிட்ஜ் கதவில் நின்றார். ஸ்டீமரின் வளைந்த வயிற்றில் குட்டையாக, தொப்பையோடு நின்றார். இன்னாசியம்மாளின் மேசையில்தான் மிகத் தெளிவாக இருந்தார். நெடுநேரம் பாலிஷ் போட்டதால். மூக்கிலிருந்து இறக்கிவிட்ட துண்டு கழுத்தில் கிடந்தது. படம் ஒழுங்காக வருகிறதா என்று புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நேராகப் பார்த்தார்.

ஞானசீலனும் கவனித்திருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் மேசைக்குள் யார் நிற்கிறது என்று கேட்டாராம். நம்ம கடை அண்ணன்தான் என்று சொன்னாராம். புதுப் படம் எடுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆனால் பெயர் மாறிய பிறகு சாமான் நகர ஆரம்பித்தது. ஞானசீலனுக்கு அந்தப் பொத்தானை அழுத்த வராது, அல்லது அழுத்த மனம் இல்லை. ஒவ்வொன்று விற்றதும் எனக்குச் செய்தி அனுப்புவார். சிங்க் போச்சு பாப்பா. பிரிட்ஜ் போச்சு. ‘வித்துருச்சா?’ என்று சைட் கேட்கும். ஆம் என்று அழுத்துவேன். படங்கள் எல்லாம் என் கணினியில் இருக்கின்றன. அது வேறு. கடையில் நிற்பது வேறு.

மேசை மட்டும் பாக்கி இருந்தது. நீளம் அதிகம் என்று வருகிறவர்கள் விட்டுப்போனார்கள். சில நாள் காலையில் நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்.

நேற்று மத்தியானம் ஞானசீலன் செய்தி அனுப்பவில்லை. போன் செய்தார்.

“பாப்பா, மேசைக்கு ஆள் வந்திருக்காக. மேலூர்ப் பக்கம் புதுசா மெஸ்ஸு போடுறாக. குடுக்கவா, நிப்பாட்டவா? நீ சொல்லு.”

எதிர்முனையில் யாரோ டேப் போட்டு நீளத்தை அளந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“குடுத்துருங்க” என்றேன்.

வண்டி கிளம்பியதும் சொல்கிறேன் என்றார். சொன்னார். பக்கத்தைத் திறந்தேன். ‘வித்துருச்சா?’ என்று கேட்டது. அழுத்தினேன். ‘இந்தப் பிரிவில் இப்போது சாமான் இல்லை’ என்று வந்தது. எல்லாக் கடைகளுக்கும் பொதுவாக நான் எழுதிவைத்த வரி அது.

அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

“அந்தப் பொம்பள டேபிளா?”

“ஆமாம்மா.”

“நல்ல எடத்துக்குப் போகுதா?”

“மெஸ்ஸுக்கு.”

குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.