உம்மு நாஹிதின் கைநாட்டு

வஜ்தி ஷலபியோடு நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். பாலஸ்தீனத்தில், நாப்லுஸ் நகரில் ஒரு சின்ன வானொலி நிலையம். அவன் செய்தியாளன், நான் ஒலிப்பதிவுக்காரன். காலை ஏழரைக்கு எந்த ராணுவச் சாவடி திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அவன் சொன்ன பிறகுதான் ஊரில் பாதிப் பேர் வண்டியை எடுப்பார்கள்.

ஒருநாள் சந்தையில் ஊறுகாய் விற்கும் உம்மு நாஹித் நிலையத்துக்கு வந்தாள். சிறுநீரகம் கெட்டுப்போய் அவள் புருஷன் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. பையிலிருந்து ஒரு காலி மருந்துப் பெட்டியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த காலாவதித் தேதிச் சீட்டை நகத்தால் சுரண்டிக் காட்டினாள். அடியில் இன்னொரு தேதி. இரண்டு வருஷம் பழையது.

"நான் படிக்காதவ. எண் மட்டும் தெரியும். இது என்ன எண்ணுன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

வஜ்தி இரண்டு மாதம் அலைந்தான். வெளிநாட்டுக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த நல்ல மருந்து எந்தக் கிடங்குக்குப் போனது, அந்தக் கிடங்கு எந்த அதிகாரியின் மைத்துனனுடையது என்று வானொலியில் பெயரோடு சொன்னான். மூன்றாம் நாள் போன் வந்தது. "அபூ லயான், சும்மா ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்களேன்." லயானின் அப்பா என்று மகள் பெயரால்தான் ஊரில் அவனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர்கள் நம்முடைய ஆட்கள், நம்முடைய பாலஸ்தீனப் பாதுகாப்புத் துறை.

நான்தான் காரில் கொண்டுபோய் இறக்கினேன். பத்தொன்பது நாள் கழித்து நான்தான் கூட்டி வந்தேன். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. "காப்பி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "சக்கரை கம்மி" என்றான்.

நான்கு மாதம் கழித்து இஸ்ரேல் ராணுவம் அவனைச் சாவடியில் இறக்கிக் கொண்டுபோனது. குற்றச்சாட்டு கிடையாது, வழக்கு கிடையாது, கோப்பு ரகசியம் என்றார்கள். ஆறு மாதம். அங்கே அவனை எங்கள் ஆட்களின் கையாள் என்றார்கள். எங்கள் ஆட்களோ அவனை இஸ்ரேலின் கையாள் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது ஊரும் அதையே பேசியது. முடிவெட்டும் கடையில் ஒருவன் கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டான்: "ஆறே மாசத்துல விட்டுட்டானுங்களே, என்ன குடுத்தே அபூ லயான்?" கடையே சிரித்தது. நானும் அங்கே இருந்தேன். எழுந்து சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை.

மகள் லயானோடு பள்ளியில் யாரும் உட்காரவில்லை. நிலைய முதலாளி அவனை ஓய்வெடுக்கச் சொன்னார். ஐரோப்பாவில் ஒரு பயிற்சிக்கு அழைப்பு வந்தபோது அவன் ஜோர்டான் எல்லைப் பாலத்தைத் தாண்டி அம்மான் போய் விமானம் ஏறினான். பயிற்சி முடிந்தும் திரும்பவில்லை. அடைக்கலம் கேட்டான்.

விசாரணை முடிந்த அன்று போன் செய்தான். "எந்தத் தரப்பு உங்களைத் துன்புறுத்துச்சுன்னு கேட்டாங்கடா. ரெண்டும்னேன். படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்காம், ஒண்ணைச் சொல்லுங்கன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"கட்டத்தைப் பெருசாக்குங்கன்னேன். அப்புறம், வேற ஊருக்குப் போய்ப் பத்திரமா இருந்திருக்கலாமேன்னாங்க. பக்கத்து ஊருக்குப் போறதுக்கே நாலு மணி நேரம் சாவடியில நிக்கிறவன்கிட்ட!" பிறகு சொன்னான்: "முன்தர், நீ பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புடா. நம்ம ஆளுங்க பிடிச்சதை எழுதித் தர உன்னைத் தவிர ஆள் இல்ல."

எழுதினேன், ஒன்றுவிடாமல். ஆனால் கீழே பெயர் போடவில்லை. பெயரில்லாத கடிதத்தை ஏற்க முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. பெயரைப் போடச் சொல்லி மறுபடி போன் செய்தான்.

"எனக்கும் மூணு பிள்ளைங்க இருக்குடா" என்றேன்.

"தெரியும். ஏழரைச் செய்தி இப்ப யாரு வாசிக்கிறா?"

"நான்தான்."

அவன் போனை வைத்துவிட்டான்.

மறுவாரம் உம்மு நாஹித் வந்தாள். வஜ்தியின் மனைவி இன்ஆம் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். வஜ்தி காசு கொடுத்துப் பேசவைத்தான் என்று சொல்லச் சொல்லி அந்தப் பத்தொன்பது நாளில் இவளையும் பாதுகாப்புத் துறை அலுவலகத்தில் அவன் எதிரே நிறுத்தியிருக்கிறார்கள். இவள் சொல்லவில்லை. அவன் கையை அங்கேயே பார்த்திருக்கிறாள்.

"எழுது" என்றாள்.

"உம்மு நாஹித், இதுல உங்க பேரு வரும். யோசிச்சுக்கங்க."

"பேரு வரணும்னுதானே படியேறி வந்தேன்? உன் பேரைக் கேக்கல, பயப்படாதே. உன் விரலை மட்டும் குடு, அது தட்டச்சுப் பண்ணட்டும்."

அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். நிலைய முத்திரைக்கு வைத்திருந்த நீல மையில் பெருவிரலை அழுத்தி, தாளில் வைத்தாள். கோணலாக விழுந்தது என்று இன்னொரு முறை வைத்தாள்.

நகல் எப்படியோ இங்கே பாதுகாப்புத் துறைக்கும் வந்து சேர்ந்தது. ஒரு மாதத்துக்குள் அவளையும் காப்பிக்குக் கூப்பிட்டார்கள். சந்தைக் கடையின் உரிமம் போனது. இப்போது வீட்டு வாசலில் விற்கிறாள்.

வஜ்திக்கு அங்கேயே தங்க அனுமதி கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. புதுத் தாளில் நாடு என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொதிகளைப் பிரித்து அடுக்கும் கிடங்கில் வேலை. குடும்பத்தை அழைத்துக்கொள்ள மனுப் போட்டான். அது நகர்வதற்குள் லயானுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. மனைவி வரலாம், மகள் வர முடியாது என்று பதில் வந்தது. இன்ஆம் போகவில்லை.

போன வாரம் அவளை ரொட்டிக்கடையில் பார்த்தேன். வஜ்தி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"இருக்காரு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உம்மு நாஹித்கிட்ட அரை மணி நேரம் பேசறாரு" என்றாள்.

"என்னைப் பத்தி ஏதாவது…"

"உங்களைப் பத்தியா?" ரொட்டியைப் பையில் போட்டாள். "இல்லையே" என்று சொல்லிவிட்டு, மகள் காத்திருக்கிறாள் என்று போய்விட்டாள்.